முதல் வண்டியே ரேஸ் பைக்கா?

வாசகர் கேள்வி – பதில்

வடசென்னையில் இருந்து பைக் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். முதல் கேள்விக்கான பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 19, டிப்ளமோ இறுதியாண்டு. எல்.எல்.ஆர். போட்டாச்சு. இதுவரை அப்பாவின் ஸ்கூட்டரும், தெருவுக்குள் நண்பனின் ஸ்பிளெண்டரும்தான் ஓட்டியிருக்கிறேன். அப்பா டியூவில் பைக் எடுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டார், எனக்கு கேடிஎம்-மின் ரேஸ் பைக்கான ஆர்சி 390 மேல்தான் கண். "சின்ன வண்டி எடுத்தா ஒரு வருஷத்துல சலிச்சிடும், எடுக்கும்போதே பெருசா எடு. மெதுவா ஓட்டுனா எல்லா வண்டியும் ஒண்ணுதான். வெளிநாட்டுல புதுசா ஓட்டுறவங்களே இதைத்தான் ஓட்டுறாங்க" என்கிறான் நண்பன். தினமும் எண்ணூர் விரைவுச் சாலையில்தான் போய்வர வேண்டும். எடுக்கலாமா?
– ஒரு மாணவர், திருவொற்றியூர்

இப்போதைக்கு வேண்டாம் தம்பி.

1955-ல் இருந்து புல்லட் செய்த ஊரில் இருந்துகொண்டு பைக் மேல் ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம், அதனால் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் நண்பர் சொன்ன மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

"மெதுவா ஓட்டுனா எல்லா வண்டியும் ஒண்ணுதான்." இதைச் சொல்லாத ஆளே இல்லை. ஸ்பிளெண்டர் சுமார் 8 குதிரைத்திறன், 112 கிலோ. ஆர்சி 390 சுமார் 43 குதிரைத்திறன், 172 கிலோ. எடை ஒன்றரை மடங்கு, சக்தி ஐந்து மடங்குக்கு மேல். மெதுவாக ஓட்ட வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்வது மனசு அமைதியாக இருக்கும்போது. திடுக்கிடும்போது முடிவு செய்வது உங்கள் கை. காசிமேடு பக்கம் மீன் லோடு ஏற்றிப் போன வண்டியில் இருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி ரோடு ஈரமாக இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே வருகிறீர்கள், பக்கத்தில் இருக்கும் பள்ளத்தைப் பார்க்கவில்லை. முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது உடம்பு பின்னால் தள்ளப்படுகிறது, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கை கூடவே பின்னால் வருகிறது, வலது மணிக்கட்டு கீழே இறங்குகிறது, நீங்கள் கேட்காமலே ஆக்ஸிலேட்டர் திறக்கிறது. வண்டி முன்னால் பாய்ந்ததும் உடம்பு இன்னும் பின்னால் போகும், கை இன்னும் முறுக்கும். ஸ்பிளெண்டரில் இது நடந்தால் வண்டி ஒரு சத்தம் போட்டுக் கொஞ்சம் குதிக்கும், பின்னால் உட்கார்ந்தவன் திட்டுவான், அவ்வளவுதான். 390-ல் அதே நேரத்துக்குள் முன்னால் நிற்கிற டிரெய்லரின் அடியில் இருப்பீர்கள். பயப்படும்போது கிளட்சை அமுக்கி ஆக்ஸிலேட்டரை விடுகிற பழக்கம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், அந்த மாதங்களைச் சின்ன வண்டியில் கழிப்பதுதான் நல்லது.

பிரேக்கும் அப்படித்தான். வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. ஸ்கூட்டரில் இருந்து வருகிறவர் இரண்டு கையையும் மொத்தமாக அமுக்கிப் பழகியவர், ஸ்போர்ட்ஸ் பைக்கின் முன் டிஸ்க் இரண்டு விரலிலேயே கவ்விப் பிடிக்கும். போதாததற்கு கிளிப்-ஆன் ஹேண்டில் தாழ்வாக இருப்பதால் உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்குகிறது. பாரம் தாங்குகிற கையால் நுணுக்கமாக எதையும் செய்ய முடியாது. பழகியவர்கள் முழங்காலால் டேங்கைக் கவ்விக்கொண்டு கையைத் தளர்வாக வைத்திருப்பார்கள். புதியவர் ஹேண்டிலைப் பிடித்துத் தொங்குவார்.

இன்னொன்று, தினமும் படப்போகிற தொல்லை. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை சந்துகளில் இந்த வண்டியை ஒரே மூச்சில் திருப்ப முடியாது. ஹேண்டில் கொஞ்சம்தான் திரும்பும், முழுசாக ஒடித்தால் கட்டைவிரல் டேங்கில் இடிக்கும். காலை ஊன்றி ஊன்றி முன்னும் பின்னும் தள்ளித் திருப்பும்போதுதான் புது வண்டிகள் முதல் தடவை சாய்கின்றன. நின்ற இடத்தில் சாய்ந்தாலும் பக்கவாட்டு ஃபேரிங் (வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உடை) விரிசல் விடும், லீவர் உடையும். அந்த பில்லைப் பார்த்தபிறகு அப்பா டியூ கட்டுவதைப் பற்றி வேறு மாதிரிப் பேசுவார்.

அடுத்து, வெளிநாடு. உங்கள் நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் ஏ2 என்று ஒரு லைசன்ஸ் உண்டு, அதில் 35 கிலோவாட் வரை, அதாவது சுமார் 47 குதிரைத்திறன் வரை ஓட்டலாம், 390 அதற்குள் அடங்கும். ஆனால் பிரிட்டனில் அந்த லைசன்ஸுக்கு 19 வயது ஆக வேண்டும், எழுத்துத் தேர்வு உண்டு, மைதானத்தில் ஒரு ஓட்டுத் தேர்வு, சாலையில் ஒரு ஓட்டுத் தேர்வு, மைதானத் தேர்வில் திடீர் பிரேக்கும் பிடித்துக் காட்ட வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், அங்கே முதலில் 200 சிசி வரைதான், ஒரு வருடம் கழித்து 400 வரை, இன்னும் ஒரு வருடம் கழித்துத்தான் அதற்கு மேல், ஒவ்வொரு படிக்கும் தனித் தேர்வு. நம் ஊரில்? எட்டு போட்டால் முடிந்தது. "கியர் உள்ள மோட்டார் சைக்கிள்" என்று ஒரே வகைதான். ஸ்பிளெண்டரில் எட்டு போட்டு வாங்கின லைசன்ஸோடு 200 குதிரைத்திறன் உள்ள 1000 சிசி வண்டியை எடுத்துக்கொண்டு மவுண்ட் ரோட்டில் போனாலும் சட்டம் ஒன்றும் சொல்லாது. சட்டம் படி வைக்காததால் நாமேதான் படி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சலிப்பு பற்றி: சலிக்கட்டுமே. ஒரு வண்டி சலிக்கிறது என்றால் அதை முழுசாக ஓட்டக் கற்றுக்கொண்டாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம், அப்போது விற்றுவிட்டு மேலே போங்கள்.

சரி, எதை எடுப்பது? ரேஸ் பைக் மாதிரி தெரிகிற வண்டி எல்லாம் ரேஸ் பைக் இல்லை, இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. யமஹா ஆர்15 பார்க்க முழு ரேஸ் வண்டிதான், ஆனால் 155 சிசி, சுமார் 18 குதிரைத்திறன், 142 கிலோ. எஞ்சின் வேகம் மேலே ஏறினபிறகுதான் அதன் சக்தி வரும், கீழே சாதுவாக இருக்கும். சுசுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 150 இன்னும் சாது, சுமார் 13 குதிரைத்திறன், ஹேண்டிலும் அவ்வளவு தாழ்வு கிடையாது. நான் உங்கள் அண்ணனாக இருந்தால் செகண்ட் ஹேண்டில் ஒரு 125 அல்லது 150 சாதா வண்டி வாங்கிக் கொடுத்து ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டச் சொல்வேன். மனசு கேட்காது, ஃபேரிங் இருந்தே ஆக வேண்டும் என்றால் ஜிக்ஸர் எஸ்எஃப் அல்லது ஆர்15, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆர்சி 200-கூட இரண்டாவது வண்டியாக இருக்கட்டும்.

அப்பாவுக்கும் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், 2022-ல் அறிவித்த கட்டணப்படி 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், 350-க்கு மேல் 15,117 ரூபாய், வரி தனி. ஆர்சி 390-ன் எஞ்சின் 373 சிசி என்பதால் அந்த வண்டி இரண்டிலும் மேல் தட்டில் விழுகிறது.

கடைசியாக உங்கள் சாலை. துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குப் போக கண்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கிற சாலை அது, வரிசைக்கு நடுவில் இருந்து கிளீனர் இறங்கிக் குறுக்கே வருவார். கடல் பக்கம் மணல் ஏறியிருக்கும். 60 கிலோமீட்டரில் போகும்போது ஒரு விநாடிக்குச் சுமார் 17 மீட்டர் போகிறீர்கள். 100-ல் 28 மீட்டர், அதாவது நீங்கள் ஆளைப் பார்த்து பிரேக்கில் கை வைப்பதற்குள் இரண்டு நாற்பதடி கண்டெய்னர்களின் நீளம் போய்விடும். அதற்கப்புறம் பிரேக் பிடித்து நிற்க ஆகும் தூரமோ 60-ல் ஆவதைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. டிரெய்லருக்குப் பக்கத்தில் போகும்போது அதன் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள், தெரியவில்லை என்றால் நீங்கள் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. சந்திப்புகளில் டிரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது அதன் இடுக்கில் வண்டியை நுழைக்கவே நுழைக்காதீர்கள். முன் பகுதி அகலமாகப் போகும், பின் சக்கரங்கள் உள்ளே வெட்டிக்கொண்டு வரும்.

இப்போது எல்லா பெரிய பைக்கிலும் ஏபிஎஸ், டிராக்‌ஷன் கண்ட்ரோல் எல்லாம் வருகிறதே, பிறகு ஏன் பயப்பட வேண்டும்?
– வியாசர்பாடி வாசகர்

ஏபிஎஸ் அருமையான விஷயம், 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா புது வண்டிக்கும் கட்டாயம். சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் ரோட்டில் இல்லாத பிடிமானத்தை அது எங்கே இருந்து கொண்டுவரும்? மழையில் மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புப் பலகை மேலும், கொருக்குப்பேட்டை தண்டவாளத்தின் மேலும் சாய்ந்தபடி பிரேக் பிடித்தால் சாதா ஏபிஎஸ் ஒன்றும் செய்யாது. சாய்வைக் கணக்கில் எடுக்கிற ஏபிஎஸ் சில வண்டிகளில் இருக்கிறது, அதுவும் ஓரளவுக்குத்தான். தண்டவாளத்தை நேர் குறுக்காகக் கடக்கப் பழகுங்கள், அதுவே பாதி ஏபிஎஸ்.

உபயோகமான எலக்ட்ரானிக்ஸ் என்று கேட்டால் சக்தியையே குறைக்கிற மோடுகளைச் சொல்வேன். அப்பாச்சி ஆர்ஆர் 310-ல் ரெயின், அர்பன் மோடுகளில் எஞ்சின் சக்தி நன்றாகக் குறைந்துவிடும். புதிதாக எடுத்தவர்கள் அந்த மோடில் வைத்துப் பல மாதம் ஓட்டலாம். ஆனால் சுவிட்ச் அவர்கள் கையில்தானே இருக்கிறது, பிரண்டு பின்னால் ஏறினதும் ஸ்போர்ட் மோடுக்குப் போய்விடுவார்கள். கேடிஎம்-மில் பின் சக்கர ஏபிஎஸ்-ஸை அணைக்கிற சூப்பர்மோட்டோ மோடு இருக்கிறது, பசங்க அதைப் போட்டுக்கொண்டு தெருமுனையில் டயரைத் தேய்ப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ. நல்ல மார்க் எடுத்தால் கேடிஎம் டியூக் பைக் வாங்கித் தருவதாக அவன் அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். இப்போதே நண்பர்கள் வண்டியை ஓட்டுகிறான். எனக்குத் தூக்கம் வரவில்லை.
– ஒரு தாய், கொருக்குப்பேட்டை

அம்மா, கியர் வண்டி லைசன்ஸுக்கு 18 வயது முடிய வேண்டும். அதுவரை அவன் எந்தப் பைக்கைத் தொட்டாலும் மாட்டப்போவது பெரியவர்கள்தான். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு, வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை லைசன்ஸே கிடைக்காது. வண்டியைக் கொடுக்கிற நண்பனின் வீட்டுக்கும் இதே கதிதான், அவர்கள் அம்மாவிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் கொடுத்த வாக்கை உடைக்கச் சொல்லமாட்டேன், உடைத்தால் அவன் உங்களிடம் மறைக்கத் தொடங்குவான். மாடலை மட்டும் மாற்றுங்கள். 18 முடிந்து லைசன்ஸ் வந்ததும் 125-ல் ஒரு வண்டி, அதை ஒரு வருடம் கீழே போடாமல் ஓட்டிக் காட்டினால் அடுத்தது என்று பேசிப் பாருங்கள். நல்ல ஹெல்மெட் அந்த பட்ஜெட்டுக்கு உள்ளேயே வரட்டும். பசங்க இந்தப் பேரத்துக்கு ஒத்துக்கொள்வார்கள், "பைக்கே கிடையாது" என்பதற்குத்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் ஐந்தடி ஒரு அங்குலம். மூன்று வருடமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்ட ஆசை. உயரம் போதாது என்று ஷோரூமில் சிரித்துவிட்டார்கள். உண்மையிலேயே முடியாதா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

சிரித்தவரை விடுங்கள். ஆர்15 சீட் உயரம் 815 மில்லிமீட்டர், நிஞ்ஜா 300 சுமார் 780, ஆர்சி 390 820-க்கும் மேல். ஆனால் அந்த நம்பரை மட்டும் பார்த்தால் போதாது, சீட் எவ்வளவு அகலம் என்பதும் இருக்கிறது. ஒல்லியான சீட்டில் கால் நேராக இறங்கும், அகலமான சீட்டில் தொடை விரிந்து அதே உயரத்துக்குக் கால் எட்டாது. அதனால் உட்கார்ந்து பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். இரண்டு பாதமும் தட்டையாக ஊன்ற வேண்டும் என்ற அவசியமும் கிடையாது. நிற்கும்போது இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில், இடுப்பைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்திக்கொண்டால் ஒரு பாதம் முழுசாக ஊன்றும்.

உங்களுக்கு நான் பார்ப்பது உயரத்தை இல்லை, எடையைத்தான். நிஞ்ஜா 300 சீட் தாழ்வு, ஆனால் 179 கிலோ, பெரம்பூர் பாலத்து ஏற்றத்தில் டிராஃபிக் நின்று வண்டி பின்னால் உருளும்போது அந்தக் கிலோ எல்லாம் தெரியும். ஆர்15 போதும். அதற்கு முன் யாருடைய 100 சிசி வண்டியிலாவது கிளட்ச், கியர் பழகிவிடுங்கள். ஸ்கூட்டரில் இருந்து வருகிறவர்களுக்கு டிராஃபிக் பார்க்கிற கண் ஏற்கெனவே இருக்கும், இடது கையும் இடது காலும்தான் புதிது. சீட்டைத் தாழ்த்த பின் சஸ்பென்ஷனின் லிங்க்கை மாற்றித் தருகிறேன் என்று ஒரு மெக்கானிக் சொல்வார், வேண்டாம், வண்டி திரும்புகிற விதமே மாறிவிடும்.

தெரிந்தவர் ஒருவர் தன்னுடைய பழைய 390-ஐ குறைந்த விலைக்குத் தருகிறார். எனக்கு ஐந்து வருடம் பல்சர் ஓட்டின அனுபவம் உண்டு. என்னென்ன பார்க்க வேண்டும்?
– காசிமேடு வாசகர்

உங்களுக்குத் தாராளமாகச் சொல்லலாம். விழுந்த வண்டியா என்று முதலில் பாருங்கள்: ஹேண்டில் முனை, ஃபுட்ரெஸ்ட் நுனி, லீவர் முனை, சைலன்சர் ஓரம், இந்த நான்கும் பொய் சொல்லாது, ஃபேரிங்கைப் புதிதாக மாற்றியிருந்தால் ஏன் மாற்றினார் என்று கேளுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, ஃபிரேமில் அது முட்டுகிற இடம் நசுங்கியிருக்கிறதா பாருங்கள், நசுங்கியிருந்தால் பலமாக மோதியிருக்கிறது. முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, செயின் ஸ்ப்ராக்கெட் பல் கொக்கி மாதிரி வளைந்திருப்பது, ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா என்பது, எல்லாம் பார்க்க வேண்டும். டயரில் நான்கு இலக்கம் இருக்கும், 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம் செய்தது, ஐந்தாறு வருடம் ஆகியிருந்தால் பட்டன் நிறைய இருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

கடலோரத்தில் நின்ற வண்டி என்பதால் வயர் சாக்கெட்டுகளைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள், உப்புக்காற்று அங்கேதான் முதலில் கை வைக்கும். ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால், கடன் தீர்ந்தது என்று ஃபைனான்ஸ்காரர் தருகிற என்.ஓ.சி. வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள், சலான் பாக்கியை ஆன்லைனில் பார்த்துக்கொள்ளுங்கள், பெயர் மாற்றத்தை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள்.

வண்டியை ஒரு தடவையாவது முழுசாக முறுக்கிப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. மீஞ்சூர்–வண்டலூர் சாலை காலியாகத்தானே இருக்கிறது?
– செங்குன்றம் வாசகர்

62 கிலோமீட்டர் நீளம், அகலம், பார்த்தால் கை துறுதுறுக்கும், புரிகிறது. ஆனால் இரவில் விளக்கே போடாமல் ஓரத்தில் நிற்கிற லாரியும், எதிர்த்திசையில் வருகிற டூவீலரும், குறுக்கே வருகிற மாடும் அந்தச் சாலையில் சகஜம். பொதுச் சாலையில் ரேஸ் விட்டுப் பிடிபட்டால் முதல் முறையே 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

உங்கள் பக்கத்து ஊர் சோழவரத்திலேயே பழைய விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் ரேஸ் நடந்தது, வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள், அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள். இப்போது அதெல்லாம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில். சுமார் 3.7 கிலோமீட்டர் சுற்று, எதிரே வண்டி வராது, விழுந்தால் ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே நிற்கும். பயிற்சி வகுப்புகளும், சொந்த வண்டியோடு போய் ஓட்டுகிற நாட்களும் அங்கே நடக்கின்றன. லெதர் சூட், கிளவுஸ், பூட்ஸ் எல்லாம் வேண்டும், சில வகுப்புகளில் வாடகைக்கே தருகிறார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பார்வையாளராக ஒரு நாள் போய் நின்றாலும் சரி, சின்ன வண்டியில் வளைவைச் சரியாக எடுக்கிறவர்கள், நேர் ரோட்டில் மட்டும் முறுக்கத் தெரிந்த பெரிய வண்டிக்காரர்களை எந்த இடத்தில் பிடிக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

மே மாத வெயிலில் ஜாக்கெட் எல்லாம் போட முடியுமா சார்?
– தண்டையார்பேட்டை வாசகர்

லெதர் முடியாது. காற்று புகுகிற மெஷ் ஜாக்கெட் போடலாம், ஓடிக்கொண்டிருக்கும்வரை தெரியாது, சிக்னலில் நிற்கும்போது வேர்க்கும். பணம் ஒரேயடியாகப் புரளவில்லை என்றால் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட்டும் கிளவுஸும் முதலில் வாங்குங்கள். விழும்போது எல்லோரும் முதலில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான். ஜாக்கெட் அடுத்த மாதச் சம்பளத்தில்.